எஸ்டிமேட்டில் ஒரு தூசிக் குழாய்

நம்ம ஊரில் மர வேலைக்கு எஸ்டிமேட் கொடுக்க வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் கறாராக ஒன்று கேட்கிறேன். "மெஷினோடு வேக்குவம் மாட்டித்தானே வேலை செய்வீங்க?" என் வீட்டு வேலைக்கு மட்டும் இல்லை, சொந்தக்காரர் வீட்டுக்குக் கூடப் போனாலும் கேட்டுவிடுகிறேன். கேட்டதும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ரிட்டயர் ஆன மனுசனுக்குப் பொழுது போகவில்லை, புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்து வந்துவிட்டார் என்று நினைப்பார்கள் போல. நினைக்கட்டும். என் கட்சியை இங்கே விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்வது பெரிய சங்கதி இல்லை. கரண்டில் ஓடும் ரம்பம், சாண்டர், ரவுட்டர் போன்ற மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன வாய் இருக்கும். கட்டைவிரல் நுழையும் அளவு. பலர் அதைக் காற்றுப்போக்கி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தூசி வெளியேறுகிற வாய். அதில் வேக்குவம் கிளீனரின் குழாயைச் செருகிவிட்டால், தூள் கிளம்புகிற இடத்திலேயே உறிஞ்சப்பட்டு டப்பாவுக்குள் போய்விடும். மூக்குக்கும் வராது, சுவரிலும் படியாது. செருகாமல் விட்டால் அந்த வாய் நேராக வேலை செய்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் ஊதும்.

"அந்தக் காலத்தில் ஆசாரிமார் எல்லாம் வேக்குவமா வைத்திருந்தார்கள்?" என்று என் வயதுக்காரர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலும் நம் கண் முன்னால் நடந்ததுதான்.

நாம் சின்னப் பையன்களாக இருந்தபோது வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் வைத்துத்தான் கதவு நிலை இழைப்பார்கள். இழைப்புளியைத் தள்ளினால் 'சர்ர்' என்று சுருள் சுருளாக வரும். அதை எடுத்துக் காதில் மாட்டுவோம், கையில் வளையல் போடுவோம். சாயங்காலம் அம்மா முறத்தில் அள்ளிக்கொண்டுபோய் அடுப்புப் பற்ற வைக்க வைத்துக்கொள்வார்கள். அந்தச் சுருள் மூக்குக்குள் போகாது. கை ரம்பத்தில் விழுகிற தூள்கூட ரவை மாதிரி பருமனாக இருக்கும், காலடியிலேயே விழுந்துவிடும். உப்புத்தாள் போடுவது கடைசியில், கொஞ்ச நேரம், அதுவும் திறந்த வெளியில், கையால்.

இன்றைக்கு என்ன நடக்கிறது? டைல்ஸ் வெட்டுவதற்காக வந்த மார்பிள் கட்டரில் மர பிளேடை மாட்டி பிளைவுட் அறுக்கிறார்கள். அது மரத்துக்குச் செய்த மெஷினே இல்லை. தூசிக்கு வாயும் இருக்காது, பல மெஷின்களில் பிளேடை மூடுகிற கவசத்தையும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அறுத்து முடித்ததும் சாண்டர். நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் ஆடுகிற மெஷின் மரத்தைச் சுருளாகவா சீவும்? மாவாகத்தான் அரைக்கும். இந்த வேலை எல்லாம் வேப்பமரத்தடியில் நடப்பதில்லை. முடிந்துபோன வீட்டுக்குள், படுக்கையறைக்குள், ஆடி மாதக் காற்றுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திக்கொண்டு. நம்ம ஊரில் ஆனி ஆடியில் மேற்கே மலையிலிருந்து இறங்குகிற காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாவுக்கும் சுருளுக்கும் என்ன வித்தியாசம் என்றால், அளவுதான். மனிதத் தலைமுடி சுமாராக 70 மைக்ரான் தடிமன். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூசி மூக்கையும் தொண்டையையும் தாண்டிப் போகக்கூடியது. நாலு மைக்ரான் வாக்கில் இருப்பது நுரையீரலின் அடி வரைக்கும் இறங்கிவிடும். ஜன்னல் வெயிலில் மினுமினுவென்று பறக்கிறதே, அது நாம் பார்க்க முடிகிற தூசி. வேலை முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகும், கண்ணுக்குத் தெரியாத பொடி மணிக்கணக்கில் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் பருந்தூள் நிற்கும், இது நிற்காது.

இதைப் பற்றி உலகம் முதலில் விழித்துக்கொண்ட கதை சுவாரசியமானது. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஒரு ஊர். நாற்காலிக்குப் பேர் போனது, நம்ம ஊருக்கு ஏலக்காய் மாதிரி. அங்கே எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், மூக்கின் உள்ளறையில் வருகிற ஒரு அபூர்வமான புற்றுநோய் தன் ஊர் நாற்காலித் தொழிலாளிகளிடம் மட்டும் அடிக்கடி தென்படுவதைக் கவனித்தார். வேறு ஊர் மருத்துவர் ஒருவர் வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ பார்க்கிற நோய் அது. அவரும் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 1968ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் பார்த்து, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995ல் மரத்தூளை முதல் பிரிவில் சேர்த்தது. முதல் பிரிவு என்றால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று அர்த்தம். புகையிலைப் புகை இருக்கிற அதே பட்டியல்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் புற்றுநோய் அபூர்வம்தான். தச்சு வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் வந்துவிடப் போவதில்லை. ஆனால் அபூர்வம் இல்லாத மற்றவை இருக்கின்றன. விடாத இருமல், மூக்கடைப்பு, இழுப்பு, தோலில் அரிப்பு. மரத்துக்கு மரம் குணம் வேறு. தேக்குத் தூளும் ஈட்டித் தூளும் சிலருக்கு உடம்பில் பட்டாலே தடிப்பு வரும். மேட்டுக்கு மேல் எஸ்டேட்டுகளில் நிழலுக்காக நிற்கிற சில்வர் ஓக் இருக்கிறதே, அதன் தூளும் தோலுக்கு ஆகாத ஜாதி. மாமரம் சேங்கொட்டையின் ஒன்றுவிட்ட சொந்தம் என்பதால் அதன் பாலும் சிலருக்குச் சேராது. இதெல்லாம் போக இப்போது எம்.டி.எஃப். பலகை. மரத்தை நாராக அரைத்துப் பசை போட்டு அழுத்திச் செய்தது. அதை அறுத்தால் வருவது கோலமாவை விட நைசாக இருக்கும். பசையில் ஃபார்மால்டிஹைடு வேறு.

எனக்குத் தெரிந்த ஒரு தச்சர். பேர் வேண்டாம். தேக்குக் கதவு செய்வதில் அவருக்கு நிகர் நம்ம பக்கத்தில் ஒரு காலத்தில் யாரும் இல்லை. மின்வாரியத்தில் நான் வேலையில் இருந்தபோது அவர் பட்டறைக்கு மீட்டர் மாற்றப் போய்ப் பழக்கம். அவருடைய அப்பாவும் தச்சர்தான். எண்பது வயது வரைக்கும் பரமசிவன் மலைக்கு மூச்சு வாங்காமல் ஏறி இறங்கினவர். மகனுக்கு அறுபது ஆகவில்லை, பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறார். சட்டைப்பையில் இழுப்பு மருந்து. ஒரே தொழில், ஒரே ஊர், ஒரே தெரு. பீடியும் கிடையாது அவருக்கு. "என்னண்ணே வித்தியாசம்?" என்று நானே ஒரு நாள் கேட்டேன். "எங்கப்பா இழைச்சாரு சார், நான் தேய்ச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மருத்துவர் இதுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்றால் இல்லை. யார் எழுதிக் கொடுப்பார்கள்? ஆனால் பத்து வருசம் சாண்டர் பிடித்த கை அவருடையது, அவர் வார்த்தையை நான் நம்புகிறேன்.

தூசி என்பது நம்ம ஊருக்குப் புதிது இல்லை. இலவம்பஞ்சு ஊர் இது. பஞ்சு அடிக்கிற இடத்துப் பக்கம் போனாலே புருவத்தில் வெள்ளை படிந்துவிடும். ஏலக்காய் சலிக்கிற இடத்திலும் தும்மல் வராமல் நிற்க முடியாது. தேனிப் பக்கத்து நூல் மில்லில் வேலை பார்த்த வாசகர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். ரிங் ஃபிரேமில் அறுந்த இழையை உறிஞ்சிக்கொள்ள வரிசையாகச் சின்னக் குழாய்கள் இருக்கும். மேலே தண்டவாளத்தில் ஊதிக்கொண்டும் உறிஞ்சிக்கொண்டும் ஒரு மெஷின் போய் வந்துகொண்டே இருக்கும். பல வருசமாக இருக்கிறது அது. அரிசி மில் கூரை மேல் தகரத்தில் கூம்பு மாதிரி ஒன்று நிற்குமே, அதுவும் காற்றிலிருந்து தூசியையும் உமியையும் பிரிக்கிற கருவிதான். ஆக உறிஞ்சுகிற வித்தை நமக்குத் தெரியாதது இல்லை. மில்லில் பஞ்சு பறந்தால் நூல் கெடும், பணம் போகும். அதனால் குழாய் வந்தது. தச்சுப் பட்டறையில் தூள் பறந்தால் முதலாளிக்கு ஒன்றும் போவதில்லை. போவது கூலிக்காரன் மூச்சு. அதற்குக் குழாய் வரவில்லை.

குஜராத்தில் காம்பே என்று நாம் பூகோளத்தில் படித்த ஊர், இப்போது கம்பாத், அகேட் கல்லில் மணி செய்வதற்கு நூற்றாண்டுகளாகப் பேர் பெற்றது. வீட்டிலேயே சாணைச் சக்கரம் வைத்து உரசுகிறார்கள். கல் தூசியில் சிலிகா, அதனால் சிலிகோசிஸ். உரசுகிறவருக்கு மட்டும் இல்லை, பக்கத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கும் வந்திருக்கிறது. அகமதாபாத்தில் இருக்கிற தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் அந்தச் சக்கரத்தோடு பொருத்துவதற்கு ஒரு உறிஞ்சு கருவியைச் செய்து கொடுத்தது. தூசியும் குறைந்தது. ஆனாலும் வீட்டுக்கு வீடு அது பரவவில்லை. தனி ஆள், தனிச் சக்கரம், துண்டு வேலைக்குத் துண்டுக் கூலி. கருவியின் விலையையும் கரண்ட் பில்லையும் அந்தத் தொழிலாளி தலையில் வைத்தால் எப்படிப் பரவும்? நம்ம ஊர் தச்சர் நிலைமையும் அச்சு அசலாக இதேதான், அதனால்தான் இவ்வளவு தூரம் போய் உதாரணம் சொன்னேன்.

நாம் சின்ன வயதில் சிலேட்டில் எழுதின குச்சி நினைவிருக்கிறதா? மத்தியப் பிரதேசத்து மந்த்சோர் பக்கம் சிலேட்டுக் குச்சி அறுக்கிற தொழிலாளிகளை அதே நிறுவனத்தார் எண்பதுகளில் பரிசோதித்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. அதில் பலர் இளவட்டங்கள். நாம் அ, ஆ எழுதின கதையில் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2025 வரை அமலில் இருந்தது 1948ம் வருசத் தொழிற்சாலைச் சட்டம், அதன் 14ம் பிரிவு. தூசி கிளம்புகிற வேலை என்றால் அதைத் தொழிலாளி சுவாசிக்காதபடி தடுக்க வேண்டும், உறிஞ்சு கருவி தேவைப்பட்டால் அதைத் தூசி பிறக்கிற இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும் என்றது. நான் மெஷின் வாயில் குழாயைச் செருகு என்கிறேனே, அதையேதான் எழுபத்தைந்து வருசத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சட்டம் கரண்டில் ஓடுகிற இடமானால் 10 பேராவது வேலை செய்தால்தான் பொருந்தியது. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுத் தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. நம்ம ஊரில் எந்தத் தச்சுப் பட்டறையில் இருபது பேர்? ஒரு மேஸ்திரி, ரெண்டு பையன்கள், ஒரு கைப்பிள்ளை. சட்டத்தின் கூரை அவர்கள் தலைக்கு மேல் வரவே வராது. இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்.

அப்படியானால் அவர்களிடம் 'இப்படிச் செய்' என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் யார்? காசு கொடுக்கிற வீட்டுக்காரர். நீங்களும் நானும். சன்மைக்கா எந்தக் கலர், கைப்பிடி எந்த டிசைன், கீல் எந்தக் கம்பெனி என்று அத்தனையும் நாம்தானே முடிவு செய்கிறோம்? அவர்களும் மறுப்பில்லாமல் கேட்கிறார்கள். இதையும் அதே மூச்சில் சொன்னால் கேட்பார்கள். ஆனால் அதற்கான காசையும் நாமே கொடுக்க வேண்டும், அதுதான் என் கட்சியின் முக்கியமான பாகம். சதுர அடிக்கு இத்தனை என்று பேசுகிறோம் அல்லவா, அதில் ஒரு சின்னத் தொகையை 'தூசிக் குழாய்க்கு' என்று தனியாக எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். பேரம் பேசி அதை அடிக்காதீர்கள். ஈரத்தையும் உறிஞ்சுகிற, டப்பா மாதிரி இருக்கிற வேக்குவம் ஐயாயிரம் ஆறாயிரம் ரூபாயில் இருந்தே கிடைக்கிறது. ரெண்டு மூன்று வீட்டு வேலையில் அந்தக் காசு திரும்பிவிடும். ஒரு அலமாரியின் கண்ணாடிக் கதவுக்கு நாம் கொடுக்கிற விலை அது.

இனி செய்முறை. மின்வாரியத்துக்காரன் ஆனதால் இதில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொல்லை, குழாய் சேராது. மெஷின் வாய் ஒரு அளவு, வேக்குவம் குழாய் வேறு அளவு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதற்கென்று தனி அடாப்டர் விற்கிறார்கள். இல்லாவிட்டால் சைக்கிள் டியூபில் நாலு விரற்கடை வெட்டி, ஒரு பக்கம் மெஷின் வாயிலும் மறு பக்கம் குழாயிலும் ஏற்றி, கிளிப் போட்டு முறுக்கினால் போதும். ரப்பர் என்பதால் மெஷின் ஆடினாலும் பிய்யாது. பி.வி.சி. ரெடியூசரும் ஆகும். நம்ம பையன்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை, ஒரு தடவை பார்த்தால் நம்மை விட நன்றாகச் செய்வார்கள்.

இரண்டாவது, ஃபில்டர். வேக்குவம் தூசியை உள்ளே இழுத்துக் காற்றை வெளியே விடுகிறது. ஃபில்டர் மட்டமாக இருந்தால் பருந்தூளை வைத்துக்கொண்டு நைஸ் பொடியை மட்டும் பின்பக்கம் வழியாக வீட்டுக்குள் ஊதிவிடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், மூச்சுக்கு இன்னும் மோசம். ஆகவே உள்ளே பையும், அதன் பின்னால் நல்ல ஃபில்டரும் வேண்டும். 'ஹெப்பா' என்று சொல்கிறார்களே, அது 0.3 மைக்ரான் பொடியில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிப்பது. முடிந்தால் வேக்குவத்தையே வராண்டாவில் வைத்துவிட்டுக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோகலாம். சத்தமும் குறையும். ரொம்ப நீளக் குழாய் போட்டால் இழுவை குறைந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு கூட்டுகிற சின்ன வேக்குவத்தை இதற்கு எடுக்கவே கூடாது. ஒரே நாளில் அடைத்து மோட்டார் காய்ந்துவிடும். சாண்டரோடு வருகிற சின்னத் துணிப்பையை நம்பிப் பிரயோஜனமில்லை.

ஃபில்டர் சீக்கிரம் அடைக்கிறது என்பவர்களுக்கு நம்ம அரிசி மில் கூம்புதான் வழி. இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றின் மூடியில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றைப் பொருத்தி, மெஷினுக்கும் வேக்குவத்துக்கும் நடுவில் வைக்கிறார்கள். காற்று உள்ளே சுழன்று போகும்போது கனமான தூள் ஓரத்துக்கு ஒதுங்கி வாளியில் விழுந்துவிடும். மிச்சம் மீதிதான் ஃபில்டருக்குப் போகும். சாயங்காலம் வாளியைத் திறந்து பார்த்தால்தான், இத்தனை நாள் இவ்வளவும் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று திக்கென்று இருக்கும்.

மூன்றாவது கரண்ட். 1200 வாட்ஸ் வேக்குவம் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 300 வாட்ஸ் சாண்டரும் சேர்ந்தால் 6 ஆம்பியரைத் தாண்டிவிடும். மார்பிள் கட்டரோ ரம்பமோ என்றால் மொத்தம் 11 ஆம்பியர் பக்கம். சின்ன சாக்கெட்டில் ரெண்டையும் மாட்டாதீர்கள், ஏ.சி.க்கோ கீசருக்கோ போட்டிருக்கிற 16 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் மெல்லிசாக இருந்தால் சூடேறும், சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் உருகும். மூன்றாவது ஒயரான எர்த்தை வெட்டிவிட்ட பிளக்கோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், வீட்டு போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால் முதலில் அதைப் போடுங்கள். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் பங்களாக்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வோல்டேஜையும் பார்த்துக்கொள்ள வேண்டும், இறங்கிப்போனால் இழுவையும் போய்விடும்.

நான்காவதாக ஒன்று, இதை மட்டும் மறக்கவே கூடாது. மரத்தூள் இருக்கிற வேக்குவத்தை, இரும்பு கிரில்லை கிரைண்டரில் தேய்க்கும்போது மாட்டக் கூடாது. ஒரு தீப்பொறி உள்ளே போய்விட்டால் மணிக்கணக்கில் கனன்று, ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு பற்றும். இலவம்பஞ்சு குடோனில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

சுவரில் பைப் பதிக்கக் காடி வெட்டுவதும் டைல்ஸ் அறுப்பதும் மர வேலையை விட மோசம். எம்-சாண்டும் கருங்கல்லும் சிமெண்டும் சேர்ந்த தூசி அது. சிலிகாவையும் அந்த முகமை 1997லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. அமெரிக்காவில் 2016ல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிகாப் பொடி இருக்கக் கூடாது. எந்த மெஷினுக்கு மூடியும் வேக்குவமும் போட வேண்டும், எதற்குத் தண்ணீர் விட வேண்டும் என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். நம்ம மார்பிள் கட்டரிலும் தண்ணீர் விட ஒரு சின்ன டியூப் கம்பெனியிலேயே கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். அது பெட்டியிலேயே கிடக்கும்.

தச்சர்கள் தரப்பிலிருந்து வருகிற ஆட்சேபணைகளையும் சொல்ல வேண்டும். "குழாய் இழுக்குது சார், கைக்குத் தோது படல" என்பார்கள். உண்மை. முதல் ரெண்டு நாள் தொந்தரவுதான். குழாயை மேலே ஒரு கயிற்றில் தூக்கிக் கட்டினால் சரியாகிவிடும். "சத்தம் சார்." அதுவும் உண்மை, காதுக்கு அடைப்பான் வைக்கலாம். "எங்களுக்கு இந்தத் தூசியெல்லாம் பழகிப்போச்சு சார்." இதுதான் என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது. தூசி பழகாது. தும்மல்தான் நிற்கும். இன்னொன்று, உறிஞ்சிக்கொண்டே தேய்த்தால் உப்புத்தாள் அடைக்காது, ரெண்டு மடங்கு நாள் வரும் என்று செய்து பார்த்த பையனே என்னிடம் சொன்னான். பாலிஷில் பொடி ஒட்டாததால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வருகிறதாம். கொரோனா காலத்தில் பழகின என்-95 மாஸ்கையும் கூடப் போட்டுக்கொண்டால் நல்லது, ஆனால் மாஸ்க் கடைசிக் காவல்தான். அது போட்டவருக்கு மட்டும்தான். அதே வீட்டில் தவழ்கிற பேரப்பிள்ளைக்கு யார் மாஸ்க் போடுவது?

அரசாங்கத்துக்கும் ஒன்று. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர்களுக்குக் கருவி வாங்க 15,000 ரூபாய் என்கிறார்கள். நம்ம மாநிலத்தில் கலைஞர் கைவினைத் திட்டம் என்று 25 தொழில்களுக்குக் கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை மானியமும் அறிவித்திருக்கிறார்கள். எந்தத் திட்டம் உசத்தி என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. சாண்டர் வாங்கக் காசு கொடுத்தால் அதோடு சேர்த்துத்தான் வேக்குவம் என்று ஒரு வரி எழுதுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994லிருந்து இருக்கிறது, தச்சர்களும் அதில் உறுப்பினர்கள். அவர்களும் யோசிக்கலாம். ஐ.டி.ஐ.யில் மரவேலை படிக்கிற பையனுக்கு முதல் நாளே குழாய் மாட்டிக் கொடுத்துவிட்டால், அது இல்லாத மெஷினை அவன் கையில் எடுக்க மாட்டான்.

கடைசியாக, சேர்ந்த தூளை என்ன செய்வது என்று ஒரு நண்பர் போனில் கேட்டார். வாளியைத் தலைகீழாகக் கொட்டினால் உறிஞ்சினதெல்லாம் திரும்பக் கிளம்பும். லேசாகத் தண்ணீர் தெளித்து, சாக்கை வாளி வாயில் கட்டி, மெதுவாகச் சரிக்க வேண்டும். முழு மரத்தின் தூள் என்றால் தோட்டத்தில் மண்ணோடு கலக்கலாம். பிளைவுட், எம்.டி.எஃப். தூளைச் செடிக்கும் போடாதீர்கள், வெந்நீர் அடுப்பிலும் போடாதீர்கள், பசை எரிகிற புகை ஆகாது. சாக்கைக் கட்டி நகராட்சி வண்டியில் கொடுத்துவிடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தூக்குகிறவரிடம் சொல்லிக் கொடுங்கள்.